செட்டிநாட்டு வீட்டு விடுதியின் ஸ்விட்சில் அணுகல் பட்டியல் அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி வட்டாரத்துப் பெரிய வீடுகளின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுகள் நேர்க்கோட்டில் அமைந்து, பின்தெரு வாசல் வரை பார்வை போகும். பார்வை போகிறது என்பதற்காக வந்தவர் எல்லாரும் நடந்து போய்விடுவதில்லை. முகப்போடு நிற்பவர் யார், வளவுக்குள் வரக்கூடியவர் யார், அடுப்படி வரை செல்லும் உரிமை யாருக்கு என்பது அந்த வீட்டாருக்கு எழுதி வைக்காமலே தெரிந்த கணக்கு. அப்படிப்பட்ட வீடு ஒன்று விடுதியாக மாறும்போது, உள்ளே வைக்கப்படும் லேயர்-3 ஸ்விட்சும் (கருவிகளை இணைப்பதோடு வலையமைப்புகளுக்கு இடையே தரவைக் கடத்தவும் செய்யும் பெட்டி) எல்லாக் கதவுகளையும் நேர்க்கோட்டில் திறந்துதான் வைக்கிறது. ஆனால் யார் எதுவரை போகலாம் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. அதை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், சுருக்கமாக ஏசிஎல், என்று பெயர்.

விலேன், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி வலையமைப்புகள், பிரித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விலேனுக்குள் மட்டுமே தரவைக் கடத்தும் லேயர்-2 ஸ்விட்சில் அது ஓரளவு சரி. லேயர்-3 ஸ்விட்சில் ‘ஐபி ரௌட்டிங்’ என்ற கட்டளையைக் கொடுத்து, ஒவ்வொரு விலேனுக்கும் ஒரு முகவரியும் கொடுத்துவிட்டால், எல்லா விலேன்களும் ஒன்றையொன்று தடையின்றி எட்டும். பிரித்த சுவரில் நாமே கதவு வைத்ததாக ஆகிவிடும்.

இந்த வழிகாட்டியில் சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் ஸ்விட்சில் இயங்கும் ஐஓஎஸ் என்ற மென்பொருளின் கட்டளைகளை எடுத்துக்கொள்கிறேன். பிற நிறுவனங்களின் ஸ்விட்சுகளில் கட்டளை மாறும். அடிப்படைக் கருத்து பெரும்பாலும் மாறாது. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதற்படி: தாளில் எழுதுதல்

கணினியைத் தொடுவதற்கு முன், யார் எங்கே போகலாம் என்பதை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் விடுதியில் நிலவரம் பின்வருமாறு.

விலேன் 10, அலுவலகம்: 192.168.10.0. முகப்பை ஒட்டிய அறையில் பில் போடும் கணினிகள் உள்ளன. அச்சுப்பொறியின் முகவரி 192.168.10.20.

விலேன் 20, விருந்தினர்: 192.168.20.0. வளவிலும் மாடி அறைகளிலும் உள்ள வைஃபை.

விலேன் 30, கேமரா: 192.168.30.0. பதிவுப்பெட்டியின் முகவரி 192.168.30.10.

விலேன் 99, ஸ்விட்ச் மேலாண்மை: 192.168.99.0.

எல்லாவற்றுக்கும் சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) 255.255.255.0, ஒவ்வொரு விலேனிலும் ஸ்விட்சின் முகவரி 1 என்று முடிகிறது. இணையத்துக்குப் போகும் ரௌட்டர் 192.168.1.1, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையும் அதுவே. அலுவலகத்துக்கும் விருந்தினருக்கும் டிஎச்சிபி (கருவி கேட்டதும் தானாக முகவரி கொடுக்கும் முறை) முகவரிகளை ஸ்விட்சே வழங்குகிறது; கேமராக்களுக்கு முகவரிகள் கையால் நிலையாக இடப்பட்டவை.

வீட்டுக்காரரின் விருப்பம் மூன்று வாக்கியங்களில் அடங்கும். விருந்தினர் இணையத்துக்குப் போகலாம், பயணச்சீட்டு அச்சிட அலுவலக அச்சுப்பொறியை மட்டும் பயன்படுத்தலாம், வீட்டின் மற்ற எதையும் தொடக்கூடாது. கேமராக்கள் இணையத்துக்குப் போகக்கூடாது, அலுவலகத்திலிருந்து பார்க்க மட்டும் முடிய வேண்டும். ஸ்விட்சுக்குள் நுழைவது மேலாண்மை விலேனிலிருந்து மட்டுமே.

இந்த மூன்று வாக்கியங்கள் தெளிவாக இருந்தால் வேலையில் பாதி முடிந்தது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கட்டளைப் பிழையால் வந்தவை அல்ல. என்ன வேண்டும் என்பதே முடிவாகாமல் பட்டியல் எழுதத் தொடங்கியதால் வந்தவை.

இரண்டாம் படி: பட்டியலை ஸ்விட்ச் படிக்கும் முறை

பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. வந்த பாக்கெட்டோடு (வலையமைப்பில் பயணிக்கும் தரவுத் துண்டோடு) எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அந்த வரியோடு தீர்ப்பு முடிந்தது. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பாக்கெட்டுக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே குறிப்பான விதி மேலேயும் பொதுவான விதி கீழேயும் இருக்க வேண்டும். ‘வீட்டு முகவரி எதையும் தொடாதே’ என்ற வரி மேலே வந்து, ‘அச்சுப்பொறியைத் தொடலாம்’ என்ற வரி கீழே வந்தால், அச்சுப்பொறி ஒருநாளும் விருந்தினருக்குக் கிடைக்காது. ஸ்விட்சும் எந்த எச்சரிக்கையும் தராது.

எந்த வரியும் பொருந்தாத பாக்கெட்டுக்குப் பட்டியலின் முடிவில் ஒரு மறைவான தடை இருக்கிறது. அது திரையில் தெரியாது. நீங்கள் தடை வரிகளை மட்டும் எழுதிய பட்டியல் ஒன்று, ஓர் அனுமதி வரிகூட இல்லாததால், எல்லாவற்றையும் அடைத்துவிடும். இதற்கு நேர்மாறான வினோதம் ஒன்றும் உண்டு: இன்னும் எழுதப்படாத பட்டியலின் பெயரை இடைமுகத்தில் (ஸ்விட்சில் ஒரு விலேனுக்கான வாசலில்) பொருத்தினால் ஐஓஎஸ் எதையும் தடுக்காது, பிறகு அந்தப் பெயரில் முதல் வரியைத் தட்டிய நொடியில் மறைவான தடை உயிர்பெற்று, அந்த ஒரு வரிக்குப் பொருந்தாத அனைத்தும் நின்றுபோகும். எனவே முதலில் எழுத வேண்டும், பிறகுதான் பொருத்த வேண்டும்.

பட்டியல்களில் இரு வகை உண்டு. ஸ்டாண்டர்ட் பட்டியல் அனுப்புநரின் முகவரியை மட்டும் பார்க்கும். எண்ணால் குறித்தால் 1 முதல் 99 வரையும் 1300 முதல் 1999 வரையும் அதற்கு உரியவை. எக்ஸ்டெண்டட் பட்டியல் அனுப்புநர், பெறுநர், நெறிமுறை (டிசிபி, யுடிபி போன்ற அனுப்பும் முறை), போர்ட் எண் (கருவியில் எந்தச் சேவை என்று காட்டும் எண்) ஆகிய அனைத்தையும் பார்க்கும். 100 முதல் 199 வரையும் 2000 முதல் 2699 வரையும் அதற்கு உரியவை. எண்ணைவிடப் பெயர் வைப்பதையே நான் விரும்புகிறேன். ஆறு மாதம் கழித்து 101 என்பது எதற்காக எழுதப்பட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கணக்கில் கொள்ளப்படும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஓர் எழுத்து மாறினால், இல்லாத பட்டியலைப் பொருத்தியதாக ஆகி, எதுவும் தடுக்கப்படாது.

மூன்றாம் படி: வைல்ட்கார்டு மாஸ்க்

சப்நெட் மாஸ்க்கைத் தலைகீழாக்கியது இது. 255.255.255.255 என்பதிலிருந்து சப்நெட் மாஸ்க்கைக் கழித்தால் கிடைக்கும். 255.255.255.0 என்பதற்கு 0.0.0.255, 255.255.255.240 என்பதற்கு 0.0.0.15. இரும எண்ணாக எழுதிப் பார்த்தால் சுழி உள்ள இடம் கட்டாயம் பொருந்த வேண்டும், மற்ற இடம் எதுவாகவும் இருக்கலாம். ஒரே கருவியைக் குறிக்க ‘ஹோஸ்ட்’ என்றும் எதுவாயினும் சரி என்பதற்கு ‘எனி’ என்றும் எழுதலாம்.

பழக்க தோஷத்தில் வைல்ட்கார்டு இருக்க வேண்டிய இடத்தில் 255.255.255.0 என்று தட்டினால் ஸ்விட்ச் அதைப் பிழை என்று சொல்லாது. முதல் மூன்று எண்கள் எதுவானாலும் சரி, கடைசி எண் சுழியாக இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளும். அப்படி முடியும் முகவரி நம் வீட்டில் எந்தக் கருவிக்கும் இல்லை என்பதால் அந்த அனுமதி வரி யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். பட்டியலை எழுதி முடித்ததும் அதிலுள்ள வைல்ட்கார்டு எண்களை மட்டும் விரலால் தொட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

நான்காம் படி: திரும்பி வரும் வழியை முதலில் வைத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு விடுதியின் ஸ்விட்சில், காரைக்குடியில் இருந்தபடியே தொலைவிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். நுழைவுப் பட்டியலில் 99 என்று எழுத வேண்டிய இடத்தில் 9 என்று எழுதிப் பொருத்தினேன். இணைப்பு துண்டானதும் மறுபடி நுழைய வழியில்லை. நல்லவேளையாகச் சேமிக்கவில்லை. “ஆச்சி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கறுப்புப் பெட்டியோட பிளக்கை ஒரு தடவை எடுத்துப் போடுங்க” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். “இதுக்கா தம்பி இவ்வளவு படிச்சே?” என்று சொன்னாலும் ஆச்சி செய்து கொடுத்தார்கள். ஸ்விட்ச் பழைய அமைப்போடு எழுந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இந்த வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறேன். முதலில், நன்றாக இயங்கும் இப்போதைய அமைப்பைச் சேமிக்கிறேன்:

காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்

அடுத்து, பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைக்கிறேன்:

ரீலோட் இன் 10

நாம் செய்யும் மாற்றம் நம்மையே வெளியே தள்ளிவிட்டாலும், பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் சேமித்த அமைப்புக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ என்று தட்டி நிறுத்திவிடலாம். மறுதொடக்கம் ஆனால் சில நிமிடங்கள் வீடு முழுவதும் நெட் இருக்காது. ஆகையால் விருந்தினர் பயன்பாடு குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரில் இருப்பவர்கள் ஸ்விட்சைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி வைத்துக்கொள்வது இதைவிட நல்லது. அதன் வேகம் இயல்பாக 9600 ஆக இருக்கும், விலேன் பட்டியல் எதுவும் அந்த வழியைத் தொடாது.

ஐந்தாம் படி: விருந்தினர் பட்டியல்

‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று தட்டி அமைப்பு நிலைக்குள் சென்று, பின்வருமாறு எழுதுங்கள்:

ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் கெஸ்ட்-இன்
10 பெர்மிட் யுடிபி எனி இக்யூ 68 எனி இக்யூ 67
20 பெர்மிட் யுடிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.1.1 இக்யூ 53
30 பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.1.1 இக்யூ 53
40 பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.10.20 இக்யூ 9100
50 டினை ஐபி எனி 192.168.0.0 0.0.255.255
60 டினை ஐபி எனி 10.0.0.0 0.255.255.255
70 டினை ஐபி எனி 172.16.0.0 0.15.255.255
80 பெர்மிட் ஐபி 192.168.20.0 0.0.0.255 எனி

‘பெர்மிட்’ என்றால் அனுமதி, ‘டினை’ என்றால் தடை, ‘இக்யூ’ என்பதை அடுத்து வருவது போர்ட் எண். டிஎச்சிபி கோரிக்கைக்கான பத்தாம் வரியில் அனுப்புநர் இடத்தில் ‘எனி’ என்று இருப்பது கவனக்குறைவு அல்ல. புதிதாக வரும் கைபேசிக்கு இன்னும் முகவரி இல்லை, அது 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற முகவரிக்குக் கேட்கிறது. அங்கே 192.168.20.0 என்று எழுதினால் அந்தக் கோரிக்கை பொருந்தாமல் கீழே இறங்கி, இறுதியில் மறைவான தடையில் விழும். ஏற்கெனவே முகவரி வாங்கியவர்களுக்கு நெட் ஓடிக்கொண்டிருக்க, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் வைஃபை ‘முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

டிஎன்எஸ் சேவைக்கு யுடிபி, டிசிபி இரண்டும் தேவை. பெரிய விடைகள் டிசிபி வழியாக வரும். நாற்பதாம் வரியின் 9100 என்பது பெரும்பாலான நெட்வொர்க் அச்சுப்பொறிகள் நேரடியாக அச்சுவேலையை வாங்கும் போர்ட்.

ஐம்பது முதல் எழுபது வரை உள்ள மூன்று வரிகளும் தனிப்பயன் முகவரிகள் மொத்தத்தையும் அடைக்கின்றன. இன்று 10 என்று தொடங்கும் முகவரி வீட்டில் இல்லாவிட்டாலும், நாளை யாராவது சேர்த்தால் அதுவும் தானாகவே காக்கப்படும். ஐம்பதாம் வரி இன்னொரு நன்மையும் செய்கிறது: விருந்தினர் ஒருவர் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முடியாது. அதே வரியால் அவர் தம் கேட்வேயான (வெளியே போகும் வாசலான) 192.168.20.1 என்பதைப் பிங் செய்தால் விடை வராது. ஆனாலும் இணையம் வேலை செய்யும், ஏனெனில் கேட்வேயைக் கண்டறிய உதவும் ஏஆர்பி என்பது ஐபி பாக்கெட் அல்ல, ஐபி பட்டியல் அதைத் தொடுவதில்லை. பிங் வரவில்லை என்று பதறி இந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் மேல் ‘ரிமார்க்’ என்ற சொல்லோடு ஒரு குறிப்பு எழுதி வைப்பது நல்லது. வரி எண்களைப் பத்துப் பத்தாக விடுவதன் காரணம், பிறகு இடையில் செருக இடம் வேண்டும் என்பதே.

ஆறாம் படி: பொருத்துதலும் திசையும்

இன்டர்ஃபேஸ் விலேன் 20
ஐபி ஆக்சஸ்-குரூப் கெஸ்ட்-இன் இன்

கடைசியில் உள்ள ‘இன்’ என்ற ஒரு சொல்லில்தான் மிகுதியானவர்கள் தடுமாறுகிறார்கள். உள்ளே, வெளியே என்பது கைபேசியின் பார்வையோ வீட்டின் பார்வையோ அல்ல. ஸ்விட்சின் ரௌட்டிங் மூளையின் பார்வை. அந்த மூளை வளவின் நடுவே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விலேன் 20 என்ற கதவு வழியாக விருந்தினர் அனுப்பியது வளவுக்குள் வருகிறது, அது ‘இன்’. வளவிலிருந்து அதே கதவு வழியாக விருந்தினரை நோக்கிப் போவது ‘அவுட்’. ஆகவே விலேன் 20-இன் ‘இன்’ பட்டியலில் அனுப்புநர் எப்போதும் விருந்தினராகவே இருக்க வேண்டும். திசையை மாற்றிப் பொருத்தினால், இணையத்திலிருந்து வரும் விடைகளின் அனுப்புநர் முகவரி எந்த அனுமதி வரிக்கும் பொருந்தாமல், விருந்தினருக்கு மொத்தமாக நெட் போய்விடும்.

எக்ஸ்டெண்டட் பட்டியலைப் புறப்படும் இடத்துக்கு அருகிலேயே, அதாவது ‘இன்’ திசையில் வைப்பதே சிறந்தது. வளவு வரை நடக்கவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புவதைவிட முகப்பிலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஓர் இடைமுகத்தில் ஒரு திசைக்கு ஒரே ஐபி பட்டியல்தான் இருக்க முடியும். இரண்டாவதைப் பொருத்தினால் முதலாவது விலகிவிடும். லேயர்-2 போர்ட்டிலேயே நேரடியாகப் பட்டியல் பொருத்தவும் முடியும். பல சிறிய ஸ்விட்சுகளில் அதற்கு ‘இன்’ திசை மட்டுமே உண்டு.

ஏழாம் படி: கேமராக்கள்

ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் கேம்-இன்
10 பெர்மிட் டிசிபி ஹோஸ்ட் 192.168.30.10 192.168.10.0 0.0.0.255 எஸ்டாப்ளிஷ்ட்
20 பெர்மிட் யுடிபி ஹோஸ்ட் 192.168.30.10 ஹோஸ்ட் 192.168.1.1 இக்யூ 123
30 டினை ஐபி எனி எனி

இன்டர்ஃபேஸ் விலேன் 30
ஐபி ஆக்சஸ்-குரூப் கேம்-இன் இன்

ஸ்விட்சின் பட்டியலுக்கு நினைவாற்றல் கிடையாது. அலுவலகக் கணினி பதிவுப்பெட்டியிடம் கேட்டது என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டு விடையை அனுமதிப்பதில்லை. விடைக்கும் தனியே வரி வேண்டும். ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்ற சொல், ஏக் அல்லது ரீசெட் கொடி (பாக்கெட்டின் தலைப்பில் உள்ள அடையாளம்) ஏற்றிய டிசிபி பாக்கெட்டை மட்டும் விடுகிறது. அதனால் அலுவலகம் தொடங்கிய உரையாடலுக்குப் பதில் போகும்; பெட்டி தானாக அலுவலகத்தை நோக்கிப் புதிய இணைப்பைத் தொடங்க முடியாது. இது ஃபயர்வால் தரும் பாதுகாப்புக்கு ஈடாகாது, ஏனெனில் கொடியைப் போலியாக ஏற்றி அனுப்ப முடியும். ஆயினும் இந்த அளவுக்குப் போதும். யுடிபி வழியாகப் படம் அனுப்பும்படி பதிவுப்பெட்டி அமைக்கப்பட்டிருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். அதை டிசிபி-க்கு மாற்றுங்கள்.

இருபதாம் வரி, ரௌட்டர் நேரச் சேவை வழங்கினால், பெட்டி அதனிடம் மணி கேட்பதற்கு. மணி தவறிய கேமராப் பதிவு தகராறு வரும் நாளில் உதவாது. கடைசித் தடை வரியை எழுதாவிட்டாலும் மறைவான தடை இருக்கிறது. படிப்பவருக்குக் கண்ணில் படட்டும் என்பதற்காக எழுதுகிறேன். அதில் ‘லாக்’ என்ற சொல்லைச் சேர்த்தால் தடுக்கப்பட்டவை பதிவாகும். ஆனால் வன்பொருளே முடித்துவிடும் வேலையை அது ஸ்விட்சின் செயலிக்கு ஏற்றிவிடுவதால், சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: ஸ்விட்சின் சொந்த வாசல்

ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 192.168.99.0 0.0.0.255
லைன் விடிஒய் 0 15
ஆக்சஸ்-கிளாஸ் 10 இன்
டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்

‘விடிஒய்’ என்பவை தொலைவிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழையும் வாசல்கள், எஸ்எஸ்எச் என்பது மறையாக்கப்பட்ட நுழைவு முறை. இங்கே ‘குரூப்’ அல்ல, ‘கிளாஸ்’. அனுப்புநரை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் ஸ்டாண்டர்ட் பட்டியல். பலர் 0 முதல் 4 வரை மட்டும் அமைத்துவிட்டு, 5 முதல் 15 வரை உள்ள வாசல்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைசி வரியைத் தட்டும் முன் எஸ்எஸ்எச் வேலை செய்வதைச் சோதித்திருக்க வேண்டும். இப்போதுள்ள சாளரத்தை மூடாமல், மேலாண்மை விலேனிலிருந்து இரண்டாவது சாளரத்தில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மட்டும் முதலாவதை மூடுங்கள்.

சோதித்தலும் திருத்துதலும்

தாளில் எழுதிய மூன்று வாக்கியங்களை இப்போது எடுத்து, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் சோதிக்க வேண்டும்: போக வேண்டியது போகிறதா, போகக்கூடாதது நிற்கிறதா. முதலாவதைப் பயனாளர்களே வந்து சொல்லிவிடுவார்கள். இரண்டாவதை யாரும் சொல்ல மாட்டார்கள். விருந்தினர் வைஃபையில் புதிதாக ஒரு கைபேசியை இணைத்து, இணையம் திறந்து, ஒரு பக்கம் அச்சிட்டு, பிறகு பில் கணினியையும் பதிவுப்பெட்டியையும் ரௌட்டர் பக்கத்தையும் எட்ட முயன்று தோற்றுப் பாருங்கள்.

‘ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்’ வரிகளையும் பொருந்திய எண்ணிக்கையையும் காட்டும். பல கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளில் வன்பொருளிலேயே முடிவாகும் பாக்கெட்டுகள் இந்த எண்ணிக்கையில் சேர்வதில்லை. எனவே சுழி என்று காட்டினால் வரி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் விலேன் 20’ எந்தப் பட்டியல் எந்தத் திசையில் பொருந்தியிருக்கிறது என்று சொல்லும்.

ஒரு வரியைத் திருத்த, பட்டியலுக்குள் சென்று ‘நோ 40’ என்று நீக்கி, அதே எண்ணில் புதிய வரியை எழுதலாம். எண்ணிட்ட பட்டியலின் ஒரு வரியை மட்டும் அமைப்பு நிலையிலிருந்து ‘நோ ஆக்சஸ்-லிஸ்ட் 10’ என்று தொடங்கி நீக்க முயன்றால் முழுப் பட்டியலும் போய்விடும். பெரிய மாற்றமானால் புதுப் பெயரில் முழுப் பட்டியலையும் எழுதி, இடைமுகத்தில் பெயரை மட்டும் மாற்றுவதே என் வழக்கம். சரிவராவிட்டால் பழைய பெயருக்கு ஒரே வரியில் திரும்பலாம். எண்களுக்கு இடையில் இடம் தீர்ந்துவிட்டால் ‘ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் ரீசீக்வென்ஸ் கெஸ்ட்-இன் 10 10’ என்பது மீண்டும் பத்துப் பத்தாக்கிவிடும்.

இந்தப் பட்டியல்கள் தொடாதவை

ஒரே விலேனுக்குள் நடக்கும் போக்குவரத்து ரௌட்டிங் மூளைக்கு வருவதே இல்லை. ஆகவே விருந்தினர் ஒருவரின் மடிக்கணினி இன்னொரு விருந்தினரின் மடிக்கணினியை எட்டுவதை கெஸ்ட்-இன் தடுக்காது. கேபிள் போர்ட்டுகளுக்கு ‘ஸ்விட்ச்போர்ட் புரொடெக்டட்’ கொடுக்க வேண்டும். வைஃபைக்கு, அலையைப் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் பெட்டியிலேயே கிளையன்ட் ஐசொலேஷன் (இணைந்தவர்களை ஒருவரையொருவர் எட்டவிடாதது) என்ற வசதியை இயக்க வேண்டும். கனத்த சுவர்களால் இவ்வகை வீடுகளில் பல அக்சஸ் பாயிண்டுகள் தேவைப்படுவதால், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஒரே பெட்டிக்குள் மட்டும் தடுத்தால் அடுத்த அறைப் பெட்டி வழியாக வந்துவிடலாம்.

ஐபி முகவரியின் புதிய தலைமுறையான ஐபிவி6 முற்றிலும் வேறு கதவு. மேலே எழுதியவை அனைத்தும் ஐபிவி4 பட்டியல்கள். விலேன் இடைமுகங்களில் ஐபிவி6 இயங்கினால் அதற்குத் தனியே ‘ஐபிவி6 ஆக்சஸ்-லிஸ்ட்’ எழுதி, ‘ஐபிவி6 டிராஃபிக்-ஃபில்டர்’ என்ற கட்டளையால் பொருத்த வேண்டும். பயன்படுத்தவில்லையென்றால் அந்த இடைமுகங்களில் அது இயங்காமல் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனைகள் அனைத்தும் முடிந்த பிறகு ‘ரீலோட் கேன்சல்’, அதன் பின் ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’. முதலாவதை மறந்துவிட்டுச் சேமித்தால் புதிய அமைப்பு கெடாது. விருந்தினர் மட்டும் காரணம் தெரியாமல் சில நிமிடம் நெட் இல்லாமல் இருப்பார்கள். முழு அமைப்பையும் ஒரு தாளில் அச்சிட்டு, கடவுச்சொற்களை அடித்துவிட்டு, அந்த மூன்று வாக்கியங்கள் எழுதிய தாளோடு சேர்த்து ரேக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிறவர் எந்த வரி எதற்கு என்று உங்களைத் தொலைபேசியில் தேட வேண்டியிருக்காது.